ஏரிமேல் நடந்து போங்கள்

பெங்களூருக்கு வேலைக்குப் போன முதல் வாரம். அரகெரெ என்ற பகுதியில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் இளநீர் சீவிக்கொண்டிருந்த பெரியவரிடம் வழி கேட்டேன். அவர் அரிவாள் பிடித்த கையாலேயே திசை காட்டி, "கெரெ ஏரி மேலெ ஹோகி" என்றார்.

எனக்குக் கன்னடம் புதிதல்ல. நாட்றம்பள்ளிப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் தமிழை மட்டும் கேட்டு வளர முடியாது. மேலெ என்றால் மேலே. ஹோகி என்றால் போங்கள். ஆனால் ஏரி மேலே எப்படிப் போவது? அவர் காட்டிய பக்கம் நடந்தேன். நீரை ஒட்டி மண்மேடு ஒன்று நீளமாகப் போயிற்று. அதன்மேல் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், ஒருவர் சைக்கிளில் போனார். அப்போதுதான் புரிந்தது. பெரியவர் கெரெ என்றது நீரை. ஏரி என்றது கரையை.

எங்கள் ஊரில் நீர் நிற்கும் இடம் ஏரி, அதைத் தடுத்து நிற்கும் மண்மேடு கரை. அங்கே நீர் நிற்கும் இடம் கெரெ, மண்மேடு ஏரி. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பாத்திரங்களை மாற்றி எடுத்துப் போனதைப் போல, இரண்டு மொழிகளும் இரண்டு சொற்களை மாற்றிக்கொண்டுவிட்டன என்று அன்று நினைத்தேன். கரைதான் கெரெ, ஏரிதான் ஏரி. அழகான கணக்கு. பல வருடங்கள் அதைப் பலரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அகராதிகளைப் புரட்டத் தொடங்கியபோது அந்தக் கணக்கில் ஒரு பாதி பிழை என்று தெரிந்தது. சரியாக இருந்த மறுபாதியோ நான் நினைத்ததைவிடப் பெரிய செய்தியை வைத்திருந்தது.

நாட்றம்பள்ளி இருக்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் வாணியம்பாடி தாண்டி, கிருஷ்ணகிரி வருவதற்கு முன்னால் இருக்கிற ஊர். நாட்டறம்பள்ளி என்றும் எழுதுவார்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஒரு பக்கம் ஏலகிரி மலை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை, குப்பம் போகிற வழி. இந்த வட்டாரத்தில் ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் மொழி மாறுவது தெரியும். இங்கே பள்ளி என்று முடிகிற ஊர், கன்னடப் பக்கம் ஹள்ளி என்று முடியும், தெலுங்குப் பக்கம் பல்லெ என்று முடியும். மூன்றும் ஒரே சொல்தான், சிற்றூர் என்று பொருள். கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாயிற்று. தெலுங்கில் ளகரம் லகரமாயிற்று. ஊரின் பெயர் இப்படி மூன்று உச்சரிப்பில் கிடக்கும்போது ஊரின் நீருக்கு மட்டும் ஒரே பெயர் எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டிலேயே மூன்று பெயர்கள் புழங்கின. அப்பா ஏரி என்பார். குப்பத்துப் பக்கத்திலிருந்து வாழ வந்த அவ்வா, சாகும்வரை செருவு என்றுதான் சொன்னாள். வாணியம்பாடிச் சந்தைக்குப் போனால் உருது பேசுகிறவர்கள் தாலாப் என்பார்கள். மூன்றும் ஒரே நீரைக் குறித்தன. அந்த நீரோ வருடத்தில் பாதி நாள் அங்கே இருப்பதில்லை.

முதலில் என் பிழையைத் திருத்திவிடுகிறேன். கன்னடக் கெரெ, தமிழ்க் கரை அல்ல. ஓசை நெருக்கம் கண்ணைக் கட்டிவிடுகிறது, அவ்வளவுதான். தமிழில் கரை என்று அகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்திலும் அகரத்தில்தான் தொடங்க வேண்டும். அப்படியே தொடங்குகிறது: கடற்கரை நாட்டைக் கன்னடத்தார் கராவளி என்கிறார்களே, அந்தக் கரா நம் கரையின் உறவு. கெரெ வேறு குடும்பம். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அது வல்லின றகரத்தோடு கெறெ என்று வரும். இதற்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேட இரண்டு ஒலி விதிகள் போதும்.

கன்னடத்தில் கிகரம், கெகரம், கேகாரம் என்று தொடங்கும் பல சொற்கள் தமிழில் சகரத்துக்கு மாறிவிடும். அவர்கள் கிவி என்பது நமக்குச் செவி. அவர்கள் கேரி என்பது நமக்குச் சேரி. அவர்கள் கிரிது என்பது நமக்குச் சிறிது. இது முதல் விதி. அடுத்தது, நம் இகரம் பல இடங்களில் அவர்களுக்கு எகரம்: இலை அங்கே எலெ, விலை அங்கே பெலெ, நிலம் அங்கே நெல. இந்த இரண்டையும் சேர்த்துக் கெறெயைத் தமிழுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சிறை என்று வந்து நிற்கும்.

சிறை என்றதும் இன்று நமக்குக் கம்பிக் கதவுதான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் சிறைக்கு அணை, கரை என்ற பொருள் நன்றாகவே உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியலில் ஒரு வீரன் எதிரிப் படையைத் தனியாளாகத் தாங்கி நிற்பதைச் சொல்லும்போது, பாய்ந்துவரும் வெள்ளத்தைத் தடுக்கும் கற்சிறையை உவமையாக வைக்கிறார் ஆசிரியர். கற்சிறை என்பது கல்லணை. நீரை அடைத்து வைத்த சுவரின் பெயர்தான் பிறகு மனிதனை அடைத்து வைக்கும் கட்டடத்துக்கும் நின்றது. மலையாளத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே சிற என்றால் குளம், அணை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே சிறையின்கீழ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அணைக்குக் கீழே இருக்கிற ஊர். அவ்வாவின் செருவும் இதே குடும்பம்தான். தாமஸ் பர்ரோவும் மரே எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, சிறை, சிற, கெறெ, செருவு நான்கையும் ஒரே பதிவில் வைக்கிறது. அந்தப் பக்கத்தை முதன்முறை பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வா எங்கள் தமிழுக்கு அந்நியமான ஒரு சொல்லைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவள் வைத்திருந்தது நாம் தொலைத்த சொல்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தெலுங்கில் ஏரு என்று ஒரு சொல் இருக்கிறது. அதிலிருந்துதான் நம் ஏரி வந்தது என்று எங்கள் பக்கத்தில் படித்தவர்களே சொல்வதுண்டு. இல்லை. தெலுங்கு ஏரு என்பது நம்முடைய ஆறு. பழந்தமிழில் யாறு என்று இருந்ததுதான் இங்கே ஆறு ஆயிற்று, அங்கே ஏரு ஆயிற்று. நம்முடைய செய்யாற்றையும் கடப்பைப் பக்கத்துச் செய்யேரையும் அடுத்தடுத்து வைத்தால் இது விளங்கும். ஓடுகிற நீரின் பெயரை நிற்கிற நீரோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அப்படியானால் ஏரி எங்கிருந்து வந்தது?

தமிழாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை, ஏர்த்தொழிலுக்கு உதவுவதால் ஏரி என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. உழவுக்கு உதவுவதெல்லாம் ஏரின் பெயரைப் பெற வேண்டுமானால் கிணறும் வாய்க்காலும் மாடும் அந்தப் பெயரைக் கேட்கும். அதைவிடப் பெரிய தடை கன்னடம். அங்கே ஏரி என்பது மண்மேடு. கலப்பையிலிருந்து மண்மேட்டுக்கு வழி இல்லை. மேட்டிலிருந்து நீருக்கு வழி உண்டு. ஒரே சொல் ஒரு மொழியில் கரையாகவும் அடுத்த மொழியில் கரைக்குள் நிற்கும் நீராகவும் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான மூலம் 'உயர்ந்து நிற்பது' என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஏறு என்ற வினையை உடனே காட்டத் தோன்றும். அதில் றகரம்; ஏரியில் ரகரம். இன்றைய கன்னடத்தில் இந்த வேறுபாடு கரைந்துவிட்டது, தமிழில் கரையவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் ஊர்ச்சபைக் குழுக்களைப் பட்டியலிட்டபோது ஏரி வாரியம் என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே ரகரத்தோடு உயர்தலைக் குறிக்கும் சொல் வேண்டும். அது சங்க இலக்கியத்தில் கண்முன்னே இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் ஞாயிறு கடல்மேல் எழும்போதும், முல்லைப்பாட்டில் மேகம் கடல்நீரைக் குடித்து எழும்போதும் ஏர்பு என்ற சொல் வருகிறது. எழுந்து என்று பொருள். ஏர்தல் என்றால் எழுதல், உயர்தல். ஏர்ந்து நிற்பது ஏரி. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து எழுந்து நிற்கும் மண்மேடு. இது என் துணிபு. மேகம் எழுவதற்கும் மேகம் பொழிந்ததைத் தடுக்கும் கரை எழுவதற்கும் ஒரே வேர் இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது; ஆனால் அந்த நிறைவுக்காக அல்ல, ஓசையும் பொருளும் இரண்டும் பொருந்துவதால்தான் இதைச் சொல்கிறேன்.

இதை ஏற்றால், நாம் நாள்தோறும் சொல்லும் ஏரிக்கரை என்ற சொல்லில் கரையை இரண்டு முறை சொல்கிறோம். ஏரி என்ற பெயர் மேட்டிலிருந்து நழுவி நீருக்குப் போய்விட்ட பிறகு, மேட்டுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. கரை வந்து ஒட்டிக்கொண்டது. மொழியில் இது அடிக்கடி நடப்பது. வேலூரில் ஓட்டேரி என்று ஓர் ஏரி இருக்கிறது. பெயருக்குள்ளேயே ஏரி இருப்பது மறந்துபோய் ஓட்டேரி ஏரி என்கிறோம். எங்கள் பக்கத்தில் ஏலகிரி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பொன்னேரி இருக்கிறது. சிறிய ஏரி சிற்றேரியாகி, சித்தேரியாகி, ஊர்ப்பெயராகவும் மலைப்பெயராகவும் ஆகிவிட்டது. சென்னையில் வேப்பேரி.

கரையின் பெயர் நீருக்கு வருவது ஏரியில் மட்டும் நடந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சிறை அணையைக் குறித்தது, கெரெயும் செருவும் நீர்நிலையைக் குறிக்கின்றன. கன்னடத்தில் கட்டெ என்றால் கட்டப்பட்ட மேடு. அதே சொல் சிறு குளத்துக்கும் பெயர். மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்கிறார்களே, அது கண்வாய், நீரை வெளியே விடும் மடையின் துளை. அங்கே கரையின் பெயர் அல்ல, கரையில் இருக்கும் ஓட்டையின் பெயர் நீர்நிலை முழுவதற்கும் ஆயிற்று. தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். எங்கு பார்த்தாலும் நீரைப் பிடித்து வைக்கும் செயலுக்கோ பிடித்து வைக்கும் பொருளுக்கோதான் பெயர் இருக்கிறது. தானாகத் தேங்கி நிற்கும் நீருக்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு: மலையில் சுனை, ஆற்றின் ஆழத்தில் மடு, கயம். அவற்றின் பெயரில் சுவர் இல்லை. சுவர் கட்டி நிறுத்தினால்தான் நீர் நிற்கும் என்ற நிலத்தில், மனிதன் எதற்குப் பெயர் வைத்தான் என்று பாருங்கள். வந்து போகிற நீருக்கு வைக்கவில்லை. இருக்கிற கரைக்கு வைத்தான்.

எங்கள் ஏரிகளின் ஒரு வருடத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சில மழை. ஏரியின் நடுவில் ஒரு சேலை அகலத்துக்குத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஏலகிரி பக்கத்திலிருந்து ஓடைகள் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். ஒரு வாரத்தில் தண்ணீர் அலைகற்களைத் தொட்டுவிடும். "ஏரி ரொம்பிடுச்சி" என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. நிரம்பி என்பது எங்கள் வாயில் ரொம்பிதான். தை, மாசியில் மதகு வழியாக வயலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பங்குனியில் மீன் ஏலம். சித்திரையில் நடுப்பள்ளத்தில் எருமைகள் புரளும் சேறு. வைகாசியில் அதுவும் போய், தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்புகளுக்குள் குறவை மீன் உயிரோடு கிடக்கும். மண்வெட்டியோடு போய்த் தோண்டி எடுத்து வருவார்கள் எங்கள் சித்தப்பாக்கள். உள்வாயில் வெள்ளரி போட்டவர்கள் உண்டு. வண்டல் மண்ணை வண்டியில் அள்ளி மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நாங்கள் அங்கேதான் பந்து விளையாடினோம். "எங்கடா போயிட்டு வர்ற?" என்று அம்மா கேட்டால் "ஏரிக்கு" என்போம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அது ஏரிதான்.

அந்த வயதில்தான் புவியியல் புத்தகத்தில் ஆஸ்திரேலியாவின் படத்தில் ஏர் ஏரி என்று படித்தேன். கலப்பை போன்ற வடிவமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அது 1840இல் அந்த நீர்நிலையைக் கண்ட எட்வர்ட் ஜான் ஏர் என்ற ஆங்கிலேயரின் பெயர். அந்த மண்ணின் அரபானா மக்கள் அதைக் கட்டி தண்டா என்கிறார்கள். 2012இலிருந்து இரண்டு பெயர்களும் சேர்ந்ததே அதன் அரசுப் பெயர். கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடம், கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. பெரும்பாலான வருடங்களில் அது உப்பு வெளி. 1964இல் டொனால்டு கேம்ப்பெல் அதன்மேல் கார் ஓட்டி வேகச் சாதனை செய்தார். பத்து வருடம் கழித்து, 1974இல், அதே இடத்தில் கடல்போல நீர் நின்றது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை வறண்ட ஆறுகள் வழியே அங்கே வந்து சேர வேண்டும். அந்த நீருக்கு வெளியேறும் வழியும் கிடையாது. வெயிலில் ஆவியாகிப் போனால், கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கிவிடும்.

அதற்கு யாரும் கரை கட்டவில்லை. சொல்லின் கணக்குப்படி பார்த்தால் அது ஏரியே அல்ல. ஆங்கிலத்தின் லேக் என்ற சொல்லுக்குப் பாடநூல் எழுதியவர்கள் ஏரியை வைத்தார்கள். அன்றிலிருந்து மனிதக் கை படாத சுப்பீரியரும் விக்டோரியாவும் தமிழில் ஏரிகள் ஆயின. ஈழத்தில் தமிழர்கள் இவ்விடத்தில் வேறு வழி போனார்கள். கட்டிய நீர்நிலை அவர்களுக்கு இரணைமடுக் குளம் போலக் குளம், மட்டக்களப்பின் இயற்கை நீர்ப்பரப்பு வாவி. அந்த வேறுபாடு நம்மிடம் மங்கிவிட்டது. இதற்காக நான் வருந்தவில்லை, சொல் வளர்வது நல்லதுதான். ஆனால் திரும்பி வந்த வழியில் ஒரு கேடு ஒட்டிக்கொண்டது. லேக் என்றால் நீர். நீர் இல்லாவிட்டால் அது இல்லை. புவியியலார் மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றும் நீர்நிலைகளைத் தனி வகையாகப் பிரித்துத் தனி அடைமொழி கொடுக்கிறார்கள். நம் பேச்சில் அடைமொழி மறுபக்கம் இருக்கிறது. வற்றும் ஏரி என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை, ஏரி என்றாலே வற்றும். வற்றாத ஏரி என்றுதான் தனியாக எடுத்துச் சொல்வார்கள்.

அமெரிக்கப் பாலைவனங்களில் இந்த வகை நீர்நிலைக்கு வழங்கும் சொல் பிளாயா. ஸ்பானிய மொழிச் சொல். அதன் பொருள் கடற்கரை, நீரோரம். அங்கேயும் ஓரத்தின் பெயர்தான் வற்றிய ஏரி முழுவதற்கும் ஆகியிருக்கிறது! இதைப் படித்தபோது எனக்கு அரகெரெயின் இளநீர்க்காரரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீர் நிலைக்காத நாடுகளில் மக்கள் நிலைக்கிற ஒன்றைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

ஆங்கில அதிகாரிகள் நம் ஏரிகளுக்கு வைத்த பெயர் வேறு: டேங்க். குஜராத், மராட்டியப் பக்கத்து டாங்கி என்ற சொல்லும் போர்த்துகீசிய டாங்க் என்ற சொல்லும் அதில் கலந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் ஆவணங்களில் டேங்க் என்றே பதிவாகி இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் டேங்க்தான். இன்று எங்கள் ஊரில் டேங்க் என்றால் ஏரி அல்ல. நான்கு தூண்மேல் நிற்கும் மேல்நிலைத் தொட்டி. டேங்க் ரொம்பினால்தான் குழாயில் தண்ணீர். அந்தத் தண்ணீரோ மேட்டூரிலிருந்து வருகிற காவிரி. ஏன் காவிரி வர வேண்டியிருந்தது என்பதை வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களிடம் கேட்கத் தேவையில்லை. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு. அந்த உப்பு தோல் ஷாப்புகளிலிருந்து பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மாசு தொடர்பான வழக்கில் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. பாலைவனத்தில் ஏரி வற்றினால் உப்பு பூக்கும் என்று புத்தகத்தில் படித்தவன் நான். எங்கள் மண்ணில் உப்பு பூத்தது வேறு வழியில்.

நீரைத்தான் ஏரி என்று எண்ணுகிறவர் கண்ணுக்கு, வைகாசி மாத ஏரி ஒரு காலி மனை. சென்னை மாம்பலத்தில் நெடிய ஏரி ஒன்று இருந்தது, 1920களில் அதை வடித்துவிட்டுத் தியாகராய நகரைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேருந்து நிலையங்களும் குடியிருப்புகளும் வற்றிய ஏரிகளில் எழுந்துவிட்டன. புறநானூற்றில் கபிலர், பாரி இல்லாத பறம்பு நாட்டில் ஒரு குளக்கரை உடைந்துபோவதை நினைத்து வருந்துகிறார். பாறையையும் சிறு குன்றையும் இணைத்து எட்டாம் பிறை போல வளைந்து கிடந்த கரை அது. அவர் கவனம் கரையில்தான் இருக்கிறது. ஏலகிரி அடிவாரத்தில் ஏதாவது ஓர் ஏரிமேல் ஏறி நின்று பாருங்கள், அந்தப் பிறை வடிவம் அப்படியே தெரியும். குறைந்த மண்ணில் அதிக நீரைப் பிடிக்கும் வளைவு அது.

கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வட்டாரம் ஒருமுறை கண்டிருக்கிறது. பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. 93 கர்நாடகத்தில், 33 ஆந்திரத்தில், 222 நம்மிடம். கோலார்ச் சீமையில் அந்த ஆற்றின் குறுக்கே பேத்தமங்கலத்துக் கெரெ. கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது அதுதான். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் எங்கள் வடாற்காட்டுக்காரர்கள் ஏராளம். 1903 நவம்பரில் பெருமழையில் அந்தக் கெரெ உடைந்தது. கன்னடத்தில் சொன்னால், கெரெயின் ஏரி உடைந்தது. வெள்ளம் புல்லூர் வழியாகத் தமிழ் நிலத்துக்குள் இறங்கி வாணியம்பாடியில் இருநூறு பேர் வரை கொண்டுபோயிற்று. ஊரில் அதற்கு நினைவுத் தூண் இருக்கிறது. அந்த இரவில் மேலிருந்து யாராவது "ஏரி உடைந்தது" என்று கத்தியிருந்தால், இரண்டு மொழிக்காரர்களும் இரண்டு பொருளில் கேட்டு, ஒரே திசையில்தான் ஓடியிருப்பார்கள்.

இரண்டு பக்கத்திலும் பொருள் மாறாத ஒரு சொல்லும் இருக்கிறது. ஏரி நிரம்பி, மிகுந்த நீர் கரையின் ஓரத்துக் கல்கட்டைத் தாண்டி வெளியே வழிந்தால், தென்மாவட்டங்களில் மறுகால் பாய்கிறது என்பார்கள். எங்கள் பக்கத்தில் "ஏரி கோடி போவுது". தெருக்கோடி, கோடியக்கரை என்று வருகிற அதே கோடி, ஓரம். கன்னடத்திலும் அதுவே: கெரெ கோடி பித்து. கோடி போனால் ஊர் கிளம்பிவிடும். பெண்கள் மஞ்சள் குங்குமமும் பூவும் கொண்டு வருவார்கள், கிடா வெட்டுவார்கள், பிள்ளைகள் வழியும் நீரில் நிற்பார்கள். அவ்வா வெற்றிலையில் சூடம் ஏற்றி நீரில் விடுவாள்.

2021 நவம்பரில் பாலாற்றில் பல வருடங்கள் காணாத வெள்ளம் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். மழை நான்கு நாளாக விடவில்லை. விடியற்காலையில் கோலார்ப் பக்கத்திலிருந்து மாமா கூப்பிட்டார். அவர் தமிழர், ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவசரத்தில் கன்னடம்தான் வரும். "மாப்ளே, நம்ம கெரெ கோடி பித்து" என்றார். பக்கத்தில் படுத்திருந்த அப்பாவுக்குக் காது மந்தம். தொலைபேசியில் வந்த சத்தத்தில் அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு எட்டியிருக்கிறது.

"எது கோடி போச்சாம்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, எங்கள் ஏரியின் கரையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.